கறுத்தது வெள்ளி, பச்சையானது செம்பு: ஒரு சேலத்துக் கொலுசு வழக்கு

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்மணி, சேலத்தில் குடியிருக்கும் தன் தங்கையோடு செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றுக்குப் போய் ஒரே அச்சில் இரண்டு ஜோடிக் கொலுசு வாங்கினார். ஆளுக்கொரு ஜோடி. ரசீதில் 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கார்த்திகை வந்தபோது தங்கையின் கொலுசு லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். மலைமேல் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவின் ஜோடியோ கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. போதாததற்குக் கொக்கியும் சலங்கையும் பற்றவைத்த இடங்களில் பச்சை பூத்திருந்தது.

கடைக்கு எடுத்துப்போனார். "கலப்படம் இல்லேன்னா ஏங்க கறுக்குது? செம்பைப் போட்டுட்டு வெள்ளின்னு வித்துட்டீங்க" என்பது அவர் வாதம். கடைக்காரர் விடவில்லை: "அக்கா, நீங்க தோட்டத்துல மயில்துத்த மருந்து அடிக்கிற இடத்துல நிக்கிறீங்க. அதுல செம்பு இருக்குதில்லைங்களா? அது பட்டுத்தான் இப்படி ஆயிருச்சு."

இரண்டு பேரும் கைகாட்டியது செம்பைத்தான். ஒருவர் உள்ளே கலந்த செம்பை, மற்றவர் வெளியிலிருந்து வந்த செம்பை. நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவன். வெள்ளிப் பட்டறைகள் நெருக்கியடித்த பகுதியில் வீடு. இரு தரப்புக்கும் தெரிந்த பனங்காட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் மூலமாக விவகாரம் என்னிடம் வந்து சேர்ந்தது. சோதனைகள் எல்லாம் அவருடைய பட்டறையில், இரு தரப்பையும் வைத்துக்கொண்டே நடந்தன.

ஒரே தொகுதி, வேறு குணம்

தனிம வரிசை அட்டவணையின் 11ஆம் தொகுதியில் செம்பு மேலே, வெள்ளி அதற்கு நேர் கீழே. அணு எண் 29, 47. இரண்டிலும் டி ஆர்பிட்டால்களில் (அணுவுக்குள் எலக்ட்ரான்கள் தங்கும் ஒருவகை இடம்) பத்து எலக்ட்ரான் நிறைந்து, வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று தனியாக நிற்கிறது. "டி நிறைஞ்சிருச்சே சார், அப்புறம் எப்படி இடைநிலைத் தனிமம்?" என்று வகுப்பில் வருஷா வருஷம் ஒரு கை உயரும். எலக்ட்ரானை விட்டு அயனியான பிறகு டி ஆர்பிட்டால் குறைபட்டு நிற்க வாய்ப்பிருந்தால் போதும், அது இடைநிலைத் தனிமம் என்பதே விதி. செம்பு சாதாரணமாகவே இரண்டு எலக்ட்ரானை விட்டுவிடும். டியில் ஒன்பது மிஞ்சும். வெள்ளி பெரும்பாலும் ஒன்றை விடுவதோடு நின்றுவிடும்; டியில் பத்தும் அப்படியே இருக்கும். வெள்ளி இரண்டை விட்ட சேர்மங்கள் உண்டு, ஃபுளூரினோடு சேர்ந்தது ஓர் உதாரணம்; ஆனால் அவை கால் கொலுசில் வருகிற சரக்கல்ல.

பரீட்சைக்கு இது இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்த வழக்குக்கு இதுதான் முதல் தடயம். ஒன்பது எலக்ட்ரானோடு குறைபட்டு நிற்கும் டி ஆர்பிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கும். அதனால்தான் செம்பின் உப்புகள் நீலமும் பச்சையுமாக இருக்கின்றன. நிறைந்த டிக்கு அந்த வேலை கிடையாது. வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்தால் வெறும் தண்ணீரின் தெளிவு. ஆக, கொலுசில் பச்சை தெரிந்தால் அதை வெள்ளியின் தலையில் கட்ட முடியாது. கறுப்பு வேறு கதை. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்பைடு, டி கணக்குக்கு அப்பாற்பட்ட காரணத்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் விழுங்கிவிடும்.

இன்னொரு வித்தியாசம் பட்டறைக்காரர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும், காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நெருப்பில் காய்ச்சிய கொலுசு கறுத்துத்தான் வெளியே வரும். அந்தக் கறுப்பு செம்பினுடையது: செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்பு ஆக்சைடாகிறது. வெள்ளியின் ஆக்சைடு சுமார் 300 டிகிரிக்குள்ளேயே சிதைந்து மறுபடி வெள்ளியாகிவிடும். பட்டறை நெருப்பில் அது நிலைக்காது. ஆகவே நெருப்பில் வந்த கறுப்பு செம்பைக் காட்டிக்கொடுக்கும். காலில் வந்த கறுப்பு முதலில் வெள்ளியைத்தான் காட்டும். வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

அதே குணத்தின் இன்னொரு முகம் பட்டறைச் சுவரிலேயே இருக்கிறது. கம்பி இழுக்கும் மிஷினின் மோட்டார் சுற்று முழுக்கச் செம்பு; ஸ்டார்ட்டரில் தட்டித் தட்டிப் பிரியும் தொடுமுனையில் வெள்ளி. மின்சாரம் கடத்துவதில் வெள்ளிதான் உலோகங்களிலேயே முதல், செம்பு அதைவிட ஐந்தாறு சதவீதமே குறைவு. அந்தச் சின்ன லாபத்துக்காகக் கிலோ கணக்கில் வெள்ளியைச் சுற்ற யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் தீப்பொறி பறக்கும் முனையில் செம்பை வைத்தால் ஆக்சைடு படிந்து கடத்தல் கெடும். வெள்ளி பொறியின் சூட்டிலேயே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

செம்பு ஏன் உள்ளே இருக்கிறது

அந்த அக்காவின் கோபத்துக்கு அடிப்படையாக இருந்த நம்பிக்கை, செம்பு இருந்தாலே ஏமாற்று என்பது. சுத்த வெள்ளியில் கொலுசு செய்தால் கொக்கி விரிந்துவிடும், வளையம் நசுங்கும். வெள்ளி அணுவைவிடச் செம்பு அணு சிறியது. இடையிடையே அது புகுந்துகொண்டால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்காது. கலவை கெட்டிப்படுகிறது. நூற்றுக்கு 7.5 பங்கு செம்பு சேர்த்த 925 தரம் உலகம் முழுக்கப் புழங்குவது இந்தக் காரணத்தால்தான். இந்தியத் தர நிர்ணயத்திலும் வெள்ளி நகைக்கு 800, அதாவது 80 டச் வரை இறங்கி ஹால்மார்க் தரம் உண்டு. 80 டச் என்று சொல்லி 80 கொடுத்தால் அது கலப்படம் இல்லை, ஒப்பந்தம்.

செம்பு சேர்ப்பதில் இன்னொரு வசதி, உருகும் வெப்பநிலை. வெள்ளி 962 டிகிரியில் உருகும், செம்பு 1085இல். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வரும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். வராது. 72 பங்கு வெள்ளி, 28 பங்கு செம்பு என்ற சேர்க்கை 779 டிகிரியிலேயே உருகிவிடும். 80 டச் கலவையும் முழுதாக உருக இன்னும் சூடு கேட்டாலும், உருகத் தொடங்குவது அதே 779இல்தான். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மயில்துத்தம் குற்றவாளியா?

கடைக்காரரின் வாதத்தை முதலில் எடுத்தோம். அது சீக்கிரம் தீர்ந்தது. காப்பி இலைத் துரு நோய்க்குத் தோட்டங்களில் அடிப்பது போர்டோ கலவை. 200 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. அரை சதவீதக் கரைசல். பூக்கும் முன் ஒரு முறை, பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்கிற புரட்டாசி, ஐப்பசி வாக்கில் ஒரு முறை அடிப்பது வழக்கம். கொலுசு கறுத்த காலமும் அந்தக் கடைசிச் சுற்றும் ஒத்துப்போனதால் கடைக்காரர் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மருந்தைக் கலக்குகிறவர்களுக்கே ஒரு பழைய சோதனை தெரியும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் சிவப்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, கரைந்த செம்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பைப் படிய வைக்கிறது. வெள்ளி அப்படிக் கொடுக்காது. திட்ட மின்முனை அழுத்தம் செம்புக்கு 0.34 வோல்ட், வெள்ளிக்கு 0.80 வோல்ட்; எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்வதில் வெள்ளிதான் கெட்டி.

அக்காவே அதைச் செய்து பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி வெள்ளிக் கம்பியைப் போட்டோம். மறுநாள் எடுத்தபோதும் போட்டபடியே இருந்தது. இன்னொன்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பி. சற்று நேரத்தில் கம்பியெங்கும் வெள்ளி ஊசி ஊசியாக முளைத்தது, நிறமில்லாத தண்ணீர் நீலமாக மாறியது. பட்டறைக்காரர் சிரித்தார்: "இது நம்ம சுத்தம் பண்ற வேலை சார்." உண்மைதான். பழைய கொலுசை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டு வெள்ளியை மட்டும் திரும்ப எடுப்பது இதே வினை. கடைசியில் மிஞ்சுகிற நீலத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாத சரக்கு; கரைந்த செம்பு மீனுக்கு விஷம். இதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றினார்.

கடைக்காரர் வாதம் அதோடு முடிந்தது. மருந்து கொலுசின்மேல் படியலாம், அரிக்காது.

புளியும் விபூதியும்

நம் வீடுகளில் செம்பு, பித்தளைக்குப் புளி. வெள்ளி விளக்குக்கு விபூதி. இந்த வழக்கத்துக்குள் ஒரு நல்ல பகுப்பாய்வு ஒளிந்திருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடையும் பச்சைக் களிம்பையும் கரைக்கும். வெள்ளி சல்பைடை அது தொடக்கூட முடியாது. கரையாமைக்கே பேர்போன பொருள் அது. விபூதி எதையும் கரைப்பதில்லை, நயமான பொடியாக இருந்து தேய்த்து எடுக்கிறது.

கறுத்த கொலுசில் ஒரு சாண் அளவுக்குப் புளிக்கரைசல் தடவி ஊறவிட்டோம். இணைப்புகளிலிருந்த பச்சை போய்விட்டது. கறுப்பு இம்மியும் அசையவில்லை. இரண்டு கறைக்கும் இரண்டு வேறு உலோகம் காரணம் என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

பச்சை போன இடத்தை லென்ஸில் பார்த்தபோது பற்றவைத்த பொடி (இணைப்பை ஒட்டவைக்க உருக்கி ஓடவிடும் உலோகக் கலவை) குழிகுழியாக அரித்திருந்தது. வெளியிலிருந்து வந்து படிந்த மருந்தாக இருந்தால் கீழே மழமழவென்று இருந்திருக்க வேண்டும். பச்சை, பொடியிலுள்ள செம்பு வியர்வையில் அரிக்கப்பட்டு வந்தது. பொடி என்பது வெள்ளி, செம்பு, துத்தநாகம் மூன்றும் சேர்ந்தது. கம்பி 779இல் உருகத் தொடங்கும் என்பதால் அதற்குக் கீழே, 700ஐ ஒட்டி ஓடும்படி பொடி இருக்க வேண்டும், அதற்காகத்தான் துத்தநாகம். (டி ஆர்பிட்டால் எந்த நிலையிலும் நிறைந்தே இருப்பதால் துத்தநாகத்தை இடைநிலைத் தனிமமாகக் கணக்கிடுவதில்லை. வகுப்பில் மட்டும்தான் அது முக்கியம்.)

கந்தகம் எங்கிருந்து வந்தது

கறுப்பு வெள்ளி சல்பைடு என்றால் கந்தகம் வேண்டும். காற்றில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடே மெதுவாக அந்த வேலையைச் செய்யும். ஈரப்பதம் கூடினால் வேகமும் கூடும். படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு பழுப்பு, நீலச்சாயல், கடைசியில் கறுப்பு. தங்கையின் கொலுசு பழுப்பில் நின்றிருந்தது. அதாவது இரண்டு ஜோடியும் ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தன. மலைமேல் இருந்தது வேகமாகப் போயிருந்தது. மூடுபனியும் மழையும் ஒரு காரணம். ஆனால் ஏற்காட்டில் கொலுசு போட்ட எல்லாப் பெண்களுக்கும் இப்படியா கறுக்கிறது?

கொலுசைக் கூர்ந்து பார்த்தால் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தோலைத் தொடும் உட்பக்கத்தைவிட வெளிப்பக்கம் அதிகம். சேலை உரசுகிற இடமாயிற்றே, வெளிப்பக்கம்தான் கொஞ்சம் பளிச்சென்று இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் காலில் வேறு என்ன அணிகிறார் என்று கேட்கத் தோன்றியது. மழைக்காலம் முழுக்க ரப்பர் கம்பூட்ஸ். கொலுசைக் கழற்றாமல் அதன்மேலேயே மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தோட்டத்தில் நடக்கிறார்.

ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்த்துத்தான் காய்ச்சுகிறார்கள். அதில் மிச்சமிருக்கும் கந்தகச் சேர்மங்கள் சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல வெளியேறும். வெள்ளிச் சாமானை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தவர்களுக்கு அந்தக் கோட்டுத் தழும்பு தெரிந்திருக்கும்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம் என்று இரண்டு டப்பா எடுத்துக்கொண்டோம். இரண்டிலும் ஈரப்பஞ்சு. இரண்டிலும் தேய்த்து வெளுப்பாக்கிய மூன்று துண்டுகள்: அந்தக் கொலுசின் கம்பி, பட்டறையிலிருந்த சுத்த வெள்ளிக் கம்பி, மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி. ஒரு டப்பாவில் மட்டும் பழைய பூட்ஸிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை. உலைக்குப் பக்கத்தில் இளஞ்சூட்டில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்துத் திறந்தோம். ரப்பர் இல்லாத டப்பாவில் வெள்ளி இரண்டும் ஏறக்குறைய அப்படியே, செம்பு மங்கல். ரப்பர் இருந்த டப்பாவில் கொலுசுக் கம்பி கரும்பழுப்பு. பக்கத்தில் கிடந்த சுத்த வெள்ளியும் பழுத்துக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

இந்தக் கடைசித் துண்டுதான் வழக்கைத் திருப்பியது. செம்பே கலக்காத வெள்ளியும் கறுக்கிறது. செம்பு சேர்ந்த கலவை கொஞ்சம் வேகமாகக் கறுக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கறுத்ததை வைத்துக் கலப்படம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் 80 உண்மையா?

கறுப்பு விஷயத்தில் கடை தப்பித்தது என்று விட்டுவிடவில்லை. ரசீதிலிருந்த எண் தனியாகச் சோதிக்க வேண்டியது.

டச் மிஷினில் (எக்ஸ் கதிர் பாய்ச்சி டச் எவ்வளவு என்று காட்டும் கருவி) கொலுசைத் துடைத்து அப்படியே வைத்தபோது 85க்கு மேல் காட்டியது. கடைக்காரர் முகம் மலர்ந்தது. பட்டறைக்காரர், தன் தொழிலுக்கே பாதகமாக, "அரம் போட்டுட்டு வைங்க" என்றார். காரணம் இருக்கிறது. கொலுசைக் காய்ச்சும்போது மேல்பரப்புச் செம்பு மட்டும் ஆக்சைடாகிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு வெளுக்க வைக்கும்போது அந்த ஆக்சைடு கரைந்து போகிறது. வெள்ளி நின்றுவிடுகிறது. இது திரும்பத் திரும்ப நடக்க, மேல்தோலில் மட்டும் வெள்ளி கூடிவிடும். மிஷினின் கதிர் அந்தத் தோலைத் தாண்டி ஆழமாகப் பார்ப்பதில்லை. உரைகல்லில் லேசாக உரசினாலும் இதே ஏமாற்றம்தான். அரத்தால் ஆழமாகத் தேய்த்துவிட்டு வைத்தபோது எண் 80ஐ ஒட்டி இறங்கியது. கம்பியைப் பொறுத்தவரை, ரசீதில் சொன்ன தரம்தான்.

மிஷின் இல்லாதவர்கள் தண்ணீரில் எடை பார்க்கலாம். கன சென்டிமீட்டருக்கு வெள்ளி 10.49 கிராம், செம்பு 8.96. இரண்டு மட்டும் கலந்தால் 92.5 டச்சுக்கு 10.36, 80க்கு 10.14, 60க்கு 9.82 என்று வரும். நகைத் தராசில் முதலில் காற்றில் எடை, பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை. தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அதால் காற்று எடையை வகுத்தால் ஆயிற்று. ஒன்றிரண்டு டச் முன்னே பின்னே இருக்கும். சலங்கையோடு தொங்கவிடக் கூடாது: உள்ளே காற்று நின்றுகொண்டு நல்ல வெள்ளியையும் மட்டமாகக் காட்டும். எங்கள் கம்பித் துண்டு இந்த முறையிலும் 80க்குப் பக்கத்திலேயே வந்தது.

குறை சிக்கியது வேறிடத்தில். சலங்கை, முத்து, கொக்கி சேர்ந்த ஒரு பகுதியை வெட்டி, வெண்காரம் போட்டு உருக்கி, அந்த மணியை மிஷினில் வைத்தோம். 80 இல்லை, எழுபதின் ஆரம்பத்தில் நின்றது. இணைப்பு நிறைந்த கொலுசில் பொடி தாராளமாக இறங்கியிருந்தது, பொடியில் வெள்ளி குறைவு. பழைய கொலுசாக விற்கப் போனால் உருக்கித்தான் கணக்குப் போடுவார்கள். அந்த அக்கா நஷ்டப்பட்டிருக்கக் கூடிய இடம் இது. அவர் கோபப்பட்ட கறுப்பிலோ, ஒரு கிராம் வெள்ளியும் வீணாகவில்லை என்று சொல்லுமளவுக்கு மெல்லிய படலம்தான் இருந்தது. என் கணிப்பில், கம்பியின் டச்சை ரசீதில் எழுதிவிட்டு உருக்கினால் வரும் டச்சைச் சொல்லாமல் விடுவது பொய் இல்லை; நேர்மையும் இல்லை.

கடைசியில் நடந்தது

கறுப்பை எடுக்கத் தேய்க்கவில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் அலுமினியத் தாள் விரித்து, கொலுசை அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா கலந்த கொதிநீர் ஊற்றினோம். அலுமினியம் கந்தகத்தை வாங்கிக்கொள்ள, வெள்ளி கொலுசிலேயே தங்கிவிடுகிறது. அழுகிய முட்டை வாடை கொஞ்சம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தேய்த்து எடுத்தால் சல்பைடோடு வெள்ளியும் துணியில் போய்விடும்.

"கறுத்தது உங்க தப்பில்லீங்க. ஆனா உருக்குனா எவ்வளவு வரும்னு வாங்கும்போதே சொல்லியிருக்கணும்ல?" என்று அக்கா கேட்டார். கடைக்காரர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு ஜோடிக்கும் கூலி வாங்காமல் இணைப்புகளை மாற்றித் தருவதாகவும், ரசீதில் இரண்டு டச்சையும் எழுதுவதாகவும் ஒத்துக்கொண்டார். பூட்ஸ் போடும் நாட்களில் கொலுசைக் கழற்றி ஜிப் கவரில் போட்டுவைக்க அக்கா சம்மதித்தார்.

புது இணைப்புக்கு வெள்ளி கூடிய பொடி வேண்டும். அது ஓட 740 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும்; கம்பியோ 779இல் இளகத் தொடங்கிவிடும். இடைவெளி குறைவு என்பதால் அந்த வேலையை வேலைக்காரப் பையன்களிடம் விடாமல், ஊதுகுழலை வைத்துத் தானே ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கொடுப்பதாகப் பனங்காட்டுக்காரர் சொன்னார்.